இடது கன்னம்

பத்தொன்பது மணி நேரம்.
பிறகு இடுக்கி.
அந்தச் சொல்லை யாரும் எனக்குச் சொல்லவில்லை,
தட்டில் உலோகம் உரசிய சத்தம்தான் சொன்னது.

துடைத்து நெஞ்சில் போட்டபோது
காதுக்கு முன்னால் சிவப்பாய் ஒரு வளைவு,
செருப்பு வார் பதிந்த கால்போல.
அழுதாள்.
வலது பக்கம் முழுக்க அழுதது,
புருவம் சுருங்கி, கண் இறுகி, வாய் கோணி.
இடது பக்கம்
யாரோ பக்கத்து வீட்டில் அழுகிறார்கள் என்பதுபோல்
கேட்டுக்கொண்டிருந்தது.

சராஃப் என்றாள் மலாய் மிஸ்ஸி.
டாக்டர் ஹோ காகிதத்தில் ஒரு முகம் வரைந்து
காதடியிலிருந்து ஐந்து கோடு இழுத்தார்,
விரல் விரித்த கைபோல.
நரம்பு அறுந்து போகவில்லை, நசுங்கியிருக்கிறது.
வாரக் கணக்கு ஆகலாம்,
மாதக் கணக்கும் ஆகலாம்.
அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
இரும்புச் சத்து மாத்திரை உறைக்குள்
இன்னும் இருக்கிறது.

லங்காப்புக்குத் திரும்பிய வேனில்
அவர் ஒன்றும் பேசவில்லை.
குலை வெட்டுகிறவர்.
மட்டைக்குள் சிக்கி வராத குலையைக்
கொக்கி போட்டு எப்படி இழுப்பது என்று தெரிந்தவர்.
ரோட்டுக்கு இரண்டு பக்கமும்
செம்பனை ஓடிக்கொண்டே இருந்தது.
ஒரு தடவை மட்டும்
தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பார்க்க வந்தவர்கள் மைலோ டின்னோடு வந்தார்கள்.
கிரகணத்தன்று வெளியே போனாயா,
காற்றுப் பட்டதா, யார் கண் பட்டதோ.
மூன்றாவது வீட்டுப் புஷ்பராணி
திருஷ்டிப் பொட்டு வைக்க மையைத் தொட்டவள்
எந்தக் கன்னத்தில் என்று தயங்கினாள்.
கடைசியில் உள்ளங்காலில் வைத்துவிட்டுப் போனாள்.

கயல்விழி என்று முன்பே எடுத்து வைத்த பெயர்.
மாற்றிவிடு என்றார்கள்,
மீன் கண் மூடாதாம்.
நான் மாற்றவில்லை.
ஆனால் தூங்கும்போது அவள் இடது கண்
மூடாமல்தான் இருந்தது.
இமைக்குக் கீழே வெள்ளையாய் ஒரு கீற்று
இரவெல்லாம் தகரக் கூரையைப் பார்த்தபடி.
ஆலைச் சங்கு ஊதும்போது ஒரு சொட்டு மருந்து,
பழ லாரி திரும்பும் வெளிச்சத்தில் ஒரு சொட்டு,
களிம்பு, அதன் மேல் மெல்லிசாய் பிளாஸ்திரி.
பால் இடது கடைவாயில் ஒழுகி
என் சட்டையில் புளித்துக் கிடக்கும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
சிரித்தாளா, சிரித்தாளா என்றுதான்
எல்லோரும் கேட்டார்கள்.
சும்மா இருக்கும்போது இரண்டு கன்னமும் ஒன்றுதான்.
அழுதால்தான் தெரியும்.
அதனால் பசித்து அவள் முனகத் தொடங்கினால்
நான் உடனே எடுப்பதில்லை.
மார்பு கனத்துச் சொட்டச் சொட்ட
விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்து நிற்பேன்.
அழு. இன்னும் கொஞ்சம் அழு.
மூக்கிலிருந்து வாய்வரை ஒரு மடிப்பு விழுகிறதா,
நெற்றியில் அந்தப் பக்கம் ஒரு கோடாவது?
எவள் நிற்பாள் இப்படி,
பிள்ளையின் அழுகையைப்
பரீட்சைத் தாள்போல் திருத்திக்கொண்டு?

நாற்பத்து மூன்றாம் நாள்.
ஆலையில் இரவு வேலை முடிந்து வந்தவனுக்குப்
பக்கத்து வீட்டில் சம்பால் வதக்கினார்கள்.
நெடி பலகைச் சந்து வழியாக வந்தது.
தும்மினாள்.
இரண்டு கண்ணும் மூடின.
இடது இமை கொஞ்சம் தாமதமாக,
முழுசாகவும் இல்லை,
தாழ்ப்பாள் சரியில்லாத கதவைச் சாத்தினாற்போல.

பாயில், பாதித் தூக்கத்தில், அவர்
"நூறு" என்றார்.

நான் மூச்சு விடவில்லை.
கையில் பிளாஸ்திரிச் சுருளோடு
இருநூறுக்காக நின்றுகொண்டிருந்தேன்.